அய்யம்பெருமாள் பெட்டியும் எர்த் குழியும்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த அய்யம்பெருமாளுக்குப் பிடிக்காதவர்கள் என்று தனியாக யாரும் கிடையாது. எல்லோரையும் ஒரே அளவில்தான் பிடிக்காது. டி.வி. ரிப்பேர் செய்கிறவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்கள். பொறியியல் பட்டம் வாங்கியவர்கள், நாலு வருஷம் ஃபீஸ் கட்டியும் சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்துகொள்ளாமல் வெளியே வந்தவர்கள். இந்தக் கடைசிக் கருத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சொந்த ஊர் குரும்பலூர். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு, அம்பத்தூரில் மின்னணுத் தராசு செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். மேலதிகாரி மடையன் என்பதைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை அந்த மேலதிகாரியிடமே சொல்லிவிட்டு, 1995இல் ஊர் வந்து சேர்ந்தார். அவருடைய அம்மா அம்மாக்கண்ணு அப்போதும் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் தண்ணீர்க் குடம். வந்த மறுநாளே மகன் அதை நிறுத்தினார். பெற்றவளின் முதுகுவலியை நினைத்து நிறுத்தினார் என்று ஊர் மெச்சிக்கொண்டது. தண்ணீர் தூக்குகிறவளின் மகன் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் காரணம். அம்மாவுக்கும் அது தெரியும்.

இவ்வளவு வாய்க்கும் அவரிடம் சரக்கு இல்லாமல் இல்லை. லாரி எடை போடும் மேடைக்கு அடியில் லோடு செல் என்று ஓர் இரும்புக் கட்டை இருக்கும். லாரி ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கும். அந்த நசுங்கலுக்குத் தக்கபடி இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். மேடை கொள்ளும் மட்டும் பாரம் ஏற்றினாலும், ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறு போட்டால் அதில் இருபது கூறுதான் வரும். அதைப் பெருக்கி எண்ணாக்கிக் காட்டுவது ஆம்ப்ளிஃபையரின் வேலை. தொல்லை என்னவென்றால், அந்தக் கம்பிகள் மேடையிலிருந்து எடை போடும் அறைக்கு ஓடி வருகிற நாற்பது மீட்டரில், பக்கத்தில் இருக்கிற மோட்டார், வெல்டிங் மிஷின் எல்லாம் தங்கள் மின் இரைச்சலை அவற்றின் மேல் ஏற்றிவிடும். இரைச்சல் எடையைவிட நூறு மடங்கு பெரிது. ஒரே ஒரு நல்ல காலம், அது இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். எடை மட்டும்தான் இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமாக நிற்கும். ஆகவே இரண்டுக்கும் பொதுவாக வருவதைத் தள்ளிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்குகிற சர்க்கியூட் வேண்டும்.

அதைக் காகிதத்தில் வரைய பாலிடெக்னிக் முதல் வருஷமே போதும். பலகையில் செய்து நிறுத்துவதுதான் கஷ்டம். அதில் நாலு ரெசிஸ்டர்கள் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும், பொதுவாக வந்த இரைச்சல் வித்தியாசமாக வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். அய்யம்பெருமாள் சென்னையிலிருந்து ஐந்நூறு ரெசிஸ்டர்களை வரவழைத்து, காலை நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து அளப்பார். விரல் பட்டால் அந்தச் சூட்டிலேயே அளவு மாறிவிடும் என்பதால் கையால் தொடமாட்டார். மனைவி சசிகலா காபி டம்ளரோடு அறைக்குள் வந்தால் அந்தக் காபிச் சூட்டுக்கும் ஒரு வசவு உண்டு. ஐந்நூறில் நாலைந்து ஜோடி தேறும். மிச்சத்தை ஒரு டப்பாவில் கொட்டி, மேலே டி.வி. மெக்கானிக்குகளுக்கு என்று எழுதி வைத்திருந்தார்.

இரைச்சல் போனால் மட்டும் போதாது, பெருக்குவதில் கோணல் இருக்கக் கூடாது. பத்து டன்னுக்குச் சரியாகக் காட்டிவிட்டு இருபது டன்னுக்கு முப்பது கிலோ தள்ளிக் காட்டுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் நாட்டில் ஏராளம். அய்யம்பெருமாள் பெட்டி காட்டிய எண்களைக் கிராஃப் தாளில் புள்ளி வைத்து அடிமட்டத்தை வைத்தால், ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு இறங்காது. அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். மற்ற கடைகளில் அந்த இடத்தில் சாமி படம் இருக்கும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வித்தையும் காட்டுவார். பெட்டிக்குள் போகிற இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, டிரான்ஸ்பார்மரிலிருந்து ஆறு வோல்ட்டை அவற்றில் விடுவார். எண் காட்டும் இடத்தில் பூஜ்யம் அசையாமல் நிற்கும். எல்லோருக்கும் பொதுவாக வருகிற எதையும் என் பெட்டி மதிக்காது என்பார். அவரும் அப்படித்தான் வாழ்ந்தார். நாலு பேருக்குத் தெரிந்த விஷயம் என்றால் அது அவருக்குக் குப்பை, தனக்கு மட்டும் தெரிந்ததுதான் விஷயம்.

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நாலு எடை மேடைகள் இருந்தன. கல் உடைக்கிற கிரஷர் ஓட ஆரம்பித்தால் போதும், காலி மேடையே நாற்பது கிலோ, எண்பது கிலோ என்று ஆடும். லாரியை ஏற்றி நிறுத்திவிட்டு, எண் நிற்கட்டும் என்று டிரைவர்கள் பீடி பற்றவைத்துக் காத்திருப்பார்கள். மெயின் கேட் மேடையில் இதனால் வாரத்துக்கு ஒரு சண்டை. ஆலையில் இந்தக் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் பிரேம்குமார் என்கிற பி.இ. பட்டதாரி. பழுது என்றால் சென்னைக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்புவதே அவருடைய பொறியியல். ஃபேக்ஸ் அனுப்பி அனுப்பிக் கை ஓய்ந்த பிறகு, யாரோ சொல்லிப் பெரம்பலூர்க் கடைக்கு வந்தார். வித்தையைப் பார்த்தார். வாயைப் பிளந்தார்.

பிரேம்குமார் போட்ட நிபந்தனை எளிமையானது. மெயின் கேட் மேடையில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். ஒரு வருஷம் அது ஆடாமல் நின்றால் மற்ற மூன்று மேடைகளுக்கும் அதுவே. ஒருநாள் ஆடினாலும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அய்யம்பெருமாளுக்கு அந்த வருஷம் முழுவதும் வேறு நினைப்பே கிடையாது. அலுமினியத் தகட்டில் தன் பெயரை வெட்டச் சொல்லி, பெட்டியின் முகத்தில் நாலு திருகாணி வைத்து முடுக்கினார். அம்பத்தூர் மடையன் என்றாவது ஒருநாள் அந்த வழியாக வந்து அந்தத் தகட்டைப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையிடம் கேட்டது.

1999 ஐப்பசியில் பெட்டி ஏறியது. நல்ல அடைமழை. மின்கசிவைப் பூமிக்குள் இறக்கிவிடுகிற எர்த், மேடைக்கும் அறைக்கும் தனித்தனி. இரண்டு எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். கிரஷர் முழு மூச்சில் ஓடும்போதுகூட இரண்டு வோல்ட்தான். பத்து வோல்ட் வரை இரண்டு கம்பியிலும் பொதுவாக ஏறினால் அவர் சர்க்கியூட் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. இரண்டு எங்கே, பத்து எங்கே என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு மூடினார். எடை முத்திரை அதிகாரி வந்து சோதித்து, பெட்டியின் மூடியில் கம்பி கோத்து ஈய முத்திரை அடித்துவிட்டுப் போனார். அந்த முத்திரையை உடைக்க வேண்டுமென்றால் ஆலையிலிருந்து காரணம் எழுதிக் கடிதம் போக வேண்டும்.

ஆலை அதிகாரிகள், ஒப்பந்தக்காரர், லாரிக்காரர்கள் எல்லோரும் கூடி நின்று பெட்டியைப் பார்த்த அன்றுதான் வீராயி வந்தாள். அவள் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருந்தவள், வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மேடையைப் பெருக்குவது ஒரு வேலை. மேடைக்கு ஓரமாக இருந்த எர்த் குழியில் காலையில் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு வேலை. குழி என்றால் ஒரு முழச் சதுரத்தில் செங்கல் கட்டு, நடுவில் பூமிக்குள் இறங்குகிற இரும்புக் குழாய், சுற்றிலும் உப்பும் கரியும். என்றைக்கோ ஒரு எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனான், இவள் ஏழு வருஷமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். கொட்டுகிற மழையிலும் பிளாஸ்டிக் குடத்தோடு வந்து, நிதானமாகக் குழிக்குள் ஊற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த அய்யம்பெருமாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மழையில நனைஞ்சுக்கிட்டு எர்த்துக்கு அபிஷேகம் பண்ணுது பாருங்க இந்த அம்மா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு பிரேம்குமார் பக்கம் திரும்பி, இந்தப் பூஜையெல்லாம் பழைய பெட்டிக்கு, தன் பெட்டி இருக்கிற இடத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளே தேவையில்லை என்று விளக்கினார். கூட்டம் சிரித்தது. ஒப்பந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, ஒரு ஆளைக் குறைக்கலாம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்று அங்கேயே வீராயியிடம் சொன்னார்.

வீராயி ஒப்பந்தக்காரரைப் பார்க்கவில்லை. பெட்டிக்காரரைத்தான் பார்த்தாள்.

"சித்திரையிலகூடவா சார் வேணாம்?"

"சித்திரைன்னா கரண்டுக்குத் தெரியுமாம்மா?" என்றார் அய்யம்பெருமாள். மறுபடியும் கூட்டம் சிரித்தது. அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காட்டில் நாள் கூலிக்குப் போவதாகக் கேள்வி. அய்யம்பெருமாள் அதைக் கேள்விப்படவும் இல்லை.

கார்த்திகை, மார்கழி, தை. பெட்டி மலை மாதிரி நின்றது. கிரஷர் ஓடினாலும் சரி, பக்கத்தில் வெல்டிங் வைத்தாலும் சரி, காலி மேடை பூஜ்யம் காட்டியது. பிரேம்குமார் தன்னுடைய சாதனை என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அய்யம்பெருமாள் வாரம் ஒருமுறை வந்து, பெட்டியைப் பார்த்து, தன் பெயரைப் படித்துவிட்டுப் போனார்.

பங்குனியில் ஒருநாள் காலை பத்தரை மணி. எடை எழுதுகிற கிளார்க் டீக்கடைக்குப் போயிருந்தான். அறையில் அய்யம்பெருமாள் மட்டும். கிரஷர் உறுமிக்கொண்டு எழுந்தது. காலி மேடை ஒரேயடியாக மூன்று டன் காட்டியது. பிறகு கீழே பாய்ந்தது, பிறகு ஏழு டன்.  அவர் மீட்டரை எடுத்து இரண்டு எர்த்துக்கும் நடுவில் வைத்தார். பதினாறு வோல்ட்.

வெளியே ஓடிப்போய்க் குழியின் மூடியைத் தூக்கினார். உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது. கரியும் உப்பும் காய்ந்து கல்லாகி, குழாயை விட்டு விரல் அகலத்துக்கு விலகி நின்றன. பூமி எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவுக்கு மேடையின் எர்த் செத்துப்போயிருந்தது. மேடை முழுவதும் பதினாறு வோல்ட்டில் மிதந்தது. அது இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரிதான் ஏறியது, சந்தேகமே இல்லை. ஆனால் பத்துக்கு மேல் ஏறினால், பொதுவானதைத் தள்ளிவிடுகிற அந்தச் சர்க்கியூட்டே மூச்சு முட்டி விழுந்துவிடும். இதை அவர் படித்திருந்தார். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். ஐப்பசி மழையில், அதுவும் வீராயி ஏழு வருஷம் ஊறவைத்த குழியில் அளந்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்கும் அதுதான் அளவு என்று எழுதிவைத்த மேதை அவர்.

அறையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்து குழியில் கவிழ்த்தார். பதினாறு பதினொன்றாயிற்று, கொஞ்ச நேரத்தில் ஏழாயிற்று. பெட்டி பூஜ்யத்தில் வந்து நின்றது. திரும்பி வந்த கிளார்க் குடிக்கத் தண்ணீர் தேடினான்.

அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. முத்திரையை உடைக்கச் சொல்லி, மேடைக்கும் பெட்டிக்கும் மின்தொடர்பே இல்லாதபடி சர்க்கியூட்டை மாற்றலாம். அதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பெட்டி ஆடியது தெரியும், தகடு கழன்றுவிடும். இரண்டாவது, அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இது செலவில்லாத வழி, ஒரு நிமிஷத்தில் முடிகிற வழி. மூன்றாவது வழியை அவர் தேர்ந்தெடுத்தார். மறுநாள் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து கிளம்பி, ஆறரைக்கு அரியலூரில் இறங்கி, கல் ஏற்றப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு சுரங்கத்துக்கு வந்து, கிளார்க் வருவதற்குள் குழியில் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு பிரேம்குமார் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பழைய எலக்ட்ரீஷியன் ஒருவன் வந்து, கோடையில் எர்த் குழியைக் காயவிடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தான்.

"அந்தத் தண்ணி ஊத்துன அம்மாவத் திரும்பக் கூப்பிட்டுக்கலாமா அய்யம்பெருமாள்? நீங்க சரின்னா இன்னிக்கே ஆள் அனுப்புறேன்."

பேன்ட்டின் அடிப்பகுதி அப்போது நனைந்து, சுண்ணாம்புச் சேறு அப்பியிருந்தது. அதை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டார்.

"என் பெட்டிக்குத் தேவையில்ல சார்."

அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல்கூட நடுங்கவில்லை. பொய் சொல்லுகிறோம் என்கிற கூச்சம் இருந்தால் நடுங்கியிருக்கும். அவருக்கு அப்போது பிரேம்குமார் மேல் கோபம்தான் வந்தது, ஒரு எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்டுத் தன்னிடம் கேள்வி கேட்கிறானே என்று.

தினமும் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் காலிபிரேஷன் என்றார். அந்த வார்த்தைக்கு மறுகேள்வி கேட்கிற தைரியம் அந்த ஆலையில் யாருக்கும் இல்லை. ஒரு பெட்டியை விற்றுவிட்டு இவ்வளவு அக்கறையாகத் தினமும் வந்து பார்க்கிற மனிதரைக் கண்டதில்லை என்று புகழ்ந்தார்கள். பெரம்பலூர்க் கடை பதினொரு மணிக்கு முன்னால் திறப்பதே இல்லை என்றாயிற்று. ரெசிஸ்டர் அளக்கிற காலை நேரம் போயிற்று. செருப்பில் காய்ந்த வெள்ளைச் சேற்றைச் சசிகலா தினமும் கழுவி வைத்தாள். என்ன வேலை அங்கே என்று ஒருநாள் கேட்டதற்கு, சொன்னால் உனக்குப் புரியாது என்றார். திண்ணமாகப் புரிந்திருக்கும்.

அம்மாக்கண்ணுதான் ஒருநாள் சோறு போடும்போது மகனுடைய வலது தோளை உற்றுப் பார்த்தாள். சட்டையின் தோள்பட்டை சாயம் வெளுத்து, நூல் பிரிந்திருந்தது. குடம் வைக்கிற இடம் அவளுக்குத் தெரியாதா. ரசம் ஊற்றினாள்.

ஐப்பசி வந்தது, வருஷம் முடிந்தது. பெட்டி ஒருநாளும் ஆடவில்லை என்று பிரேம்குமார் சான்று எழுதிக் கொடுத்தார். மற்ற மூன்று மேடைகளுக்கும் ஆர்டர் வந்தது. அதோடு ஒரு வரியும் வந்தது: ஒப்புக்கொண்ட சர்க்கியூட்டில் ஒரு கம்பிகூட மாற்றக் கூடாது. இந்த மூன்றிலாவது குறையைச் சரிசெய்துவிடலாம் என்று அய்யம்பெருமாள் நினைத்திருந்தார். சரிசெய்ய வேண்டுமென்றால், முதல் பெட்டியில் என்ன குறை என்று பிரேம்குமார் கேட்பார். ஆகவே குறையையும் சேர்த்து, அச்சு அசலாக, மூன்று பெட்டிகள் செய்தார். ஆயிரத்து ஐந்நூறு ரெசிஸ்டர்களைச் சாமணத்தால் எடுத்து அளந்து, உலகத்திலேயே துல்லியமாக ஒத்துப்போகிற அதே தப்பை மூன்றுமுறை செய்தார். மூன்று தகடுகளில் பெயர் ஏறியது. அடுத்த பங்குனிக்கு அவர் ஊற்ற வேண்டிய குழிகள் நாலாயின.

ஜெயித்தவர் என்றால் இப்படித்தான் ஜெயிக்க வேண்டும். மெயின் கேட்டில் ஒரு குடம், தெற்கு மேடையில் ஒரு குடம், கிரஷர் வாசலில் ஒரு குடம், குவாரி இறக்கத்தில் ஒரு குடம். நாலுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் நடை. தொழிலாளிகள் அவரைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள், காலிபிரேஷன் சார் வருகிறார் என்று. குடத்தை அவர்கள் கண்ணில் படாமல் மறைப்பதற்காகப் பெரிய கான்வாஸ் பை ஒன்று தைத்து வைத்திருந்தார். குடம் கொள்ளுகிற கருவிப் பை தைக்க அரியலூர் தையல்காரர் ஒருவருக்கு அளவு சொல்லிக் கொடுத்த அன்று, தன் வாழ்க்கை எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு கணம்கூட அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

2001 சித்திரை கொடுமையாக இருந்தது. முந்தின மழையும் சரியில்லை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மீட்டர் வைத்தால் ஏழு வோல்ட் காட்டும். பத்து மணிக்கு மெயின் கேட் பெட்டி துடிக்க ஆரம்பிக்கும். கிளார்க் ஏற்கெனவே இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டான். லாரிக்காரன் ஒருவன் சத்தம் போட்டுவிட்டான். பிரேம்குமார் காதுக்கு இன்னும் போகவில்லை, போக ஒருநாள் போதும். அய்யம்பெருமாள் ராசியான தன் நோட்டில் மூன்று பக்கம் கணக்குப் போட்டார். லோடு செல்லில் ஈரக்கசிவு என்று சந்தேகப்பட்டார், கம்பியின் உறை கிழிந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டார். நாலு பெயர்த் தகடுகளும் கழன்று கையில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்தார். பத்தாயிரத்தில் ஒரு பங்கைப் பிரித்து அளக்கிற அந்த மூளைக்கு எளிமையான ஒன்று மட்டும் தோன்றவில்லை.

அன்று காலை மெயின் கேட் குழிக்கு முன் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினார். வீராயி. கேட்டுக்கு எதிரே லாரிக்காரர்களுக்கு இட்லிக் கடை போட்டிருந்த ஆண்டாயியிடம் அந்த வாரம்தான் பாத்திரம் கழுவச் சேர்ந்திருந்தாள். ஆலைத் தொட்டியில் தண்ணீர் பிடிக்க வந்தவள். இடுப்பில் குடம். கறுத்து, மெலிந்து போயிருந்தாள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கை விரல்களெல்லாம் தோல் உரிந்திருந்தன.

அவள் முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு குழியைப் பார்த்தாள், பிறகு வாய் திறந்து கிடந்த கான்வாஸ் பையைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று அய்யம்பெருமாள் நினைத்தார். அவராக இருந்தால் சிரித்திருப்பார். வீராயியின் முகம் வாடிப்போயிற்று.

"அதான் என்னைத் திரும்பக் கூப்புடலபோல. ஒங்களையா சார் இந்த வேலைக்குப் போட்டுட்டாங்க?"

பெட்டி வேலை போய்விட்டது, பாவம், மனிதர் இந்த நிலைக்கு வந்துவிட்டார் என்று அவள் மனதார நம்பிவிட்டாள். அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது என் பெட்டிக்குத் தேவைப்படுகிறது, அன்றைக்கு நீ கேட்டதுதான் சரி என்று சொல்லியிருந்தால், கேட்க அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. ஒரே மூச்சில் எல்லாம் முடிந்திருக்கும், அவளுக்கு வேலையும் கிடைத்திருக்கும். அறைக்குள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அவர் பெயர் வெட்டிய தகடு வெயிலில் பளபளத்தது.

"ஆமாம்மா" என்றார்.

அம்மாக்கண்ணுவின் மகன், தானும் தண்ணீர் தூக்குகிற ஆள்தான் என்பதை இத்தனை வருஷம் கழித்து, தன் வாயால் ஒத்துக்கொண்டார். பெட்டியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வீராயி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். அவர் கையிலிருந்த குடத்தின் அடியைப் பிடித்துச் சாய்ப்பைக் குறைத்தாள். வேகமாக ஊற்றினால் ஓரத்து வெடிப்பில் ஓடிவிடும், குழாயை ஒட்டி மெதுவாக விட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். புதிதாக வேலைக்கு வந்த ஆளுக்குப் பழைய ஆள் காட்டிக்கொடுப்பது வழக்கம்தானே, அதைத்தான் செய்தாள்.

"சித்திரைக்கு ஒரு கொடம் பத்தாதுங்க. ரெண்டு ஊத்தணும். இல்லாட்டி பத்து மணிக்கெல்லாம் மேடை ஆடிரும், அப்பறம் ஒங்களத்தான் திட்டுவாங்க."

சொல்லிவிட்டுத் தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து இட்லிக் கடைக்குப் போனாள். அய்யம்பெருமாள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டாவது குடம் பிடிக்கத் தொட்டிக்கு நடந்தார். அன்று பத்து மணிக்குக் கிரஷர் ஓடியது, பெட்டி ஆடவில்லை.